எண்ணெயில் கிடந்த பாதி

எங்கள் நிலையத்தில் வருடத்துக்கு ஒரு நாள் கேட்டைத் திறந்து வைப்போம். அதற்கு 'மக்கள் நாள்' என்று பெயர். மற்ற நாட்களில் மக்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் ஃபெமினா. சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் இந்த அரசுப் பொருளறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். உடைந்த பொருள்களைப் பார்ப்பது என் வேலை. பம்புசெட் விசிறி, லாரி அச்சு, எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, கிரைண்டர் கல் என்று எது உடைந்து வந்தாலும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் தட்டு உடைந்தால் என் கணவர் பிராங்க் துண்டுகளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டுத்தான் என்னிடம் சொல்வார். முன்பே சொன்னால் நான் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், சோறு வேகாது.

மக்கள் நாள் என்றால் எனக்கு எரிச்சல். இயக்குநர் வெங்கடபதி சாருக்கு அதுதான் தீபாவளி. ஒரு வாரத்துக்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, "ஃபெமினா, சனங்களுக்கு அழகா எதையாவது காட்டணும். உங்க உடைசலை எல்லாம் உள்ளே வச்சுடுங்க. பட்டாம்பூச்சி இறக்கையைப் பெரிசு பண்ணிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். நான் மைக்ராஸ்கோப்பையும் அதோடு இணைத்த பெரிய டிவியையும் கூடத்துக்கு நகர்த்தி, இறந்துபோன ஒரு பட்டாம்பூச்சியோடு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் என்னோடு வேலை பார்க்கும் ரைஹான் ஒரு காந்தத்தை அந்தரத்தில் மிதக்க விட்டுக்கொண்டிருந்தார். புகை வேறு வந்தது. கூட்டம் முழுக்க அங்கேதான்.

பொருளறிவியல் என்றால் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். அதற்காக சார் நாலு பக்கத்தில் ஒரு நோட்டீஸ் அடித்து வைத்திருந்தார். அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு வந்து, "அதெல்லாம் சரிங்க, இங்க என்னதானுங்க பண்றீங்க?" என்று மறுபடி கேட்டார்கள். நான் ஓர் ஆணியையும் ஒரு பென்சிலையும் எடுத்துக் காட்டினேன். ஆணி வளைகிறது, பென்சில் முனை ஒடிகிறது, ஏன்? யோசித்தார்கள். "அதைத்தாங்க பாக்கறோம்" என்றேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுக் காந்தத்தைப் பார்க்கப் போனார்கள். மீதிப் பேர் நின்று, அப்படியானால் கண்ணாடி ஏன் வளையாமல் உடைகிறது, சூடு காட்டினால் மட்டும் எப்படி வளைகிறது என்று ஆரம்பித்தார்கள். அந்த மீதிப் பேரை எனக்குப் பிடிக்கும்.

பத்தரை மணி இருக்கும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வயர் கூடையை வலது கையில் தூக்கிக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்தபடி வந்தார். கூடையைத் தரையில் வைத்தபோது எழுந்த சத்தத்தில் அதற்குள் இருப்பது இரும்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க மேடம், ஒடஞ்ச இரும்பு பாக்கறது இங்கீங்களா? பேப்பர்ல போட்டிருந்தாங்க."

மேசைமேல் 'இயற்கையின் வண்ணங்கள்' என்று சார் எழுதி வைத்திருந்த அட்டையைக் கவிழ்த்தேன். "இங்கதாங்க. உக்காருங்கக்கா."

"பேரு பழனியாத்தாளுங்க. காங்கேயத்துப் பக்கத்துல இருந்து வாரனுங்க. மொத பஸ்ஸுக்கே ஏறிப்போட்டேன்."

கூடையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துப் பிரித்தார். கைமுட்டி அளவு தடிமனில், ஒரு சாண் நீளத்தில், உருண்டையாக ஓர் இரும்புத் துண்டு. எண்ணெய் மில் மெசினில் சுழலும் தண்டு, ஷாஃப்ட். ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்தது, இன்னொரு பக்கம் தானாக முறிந்தது. அந்த முறிந்த முகம் பளபளவென்று மின்னியது. அதன்மேல் மூன்று விரலால் இழுத்த திருநீறு, சந்தனம், குங்குமப் பொட்டு. பக்கவாட்டிலும் தாராளமாகக் குங்குமம் அப்பியிருந்தது.

"அய்யோ அக்கா! இதை என்ன போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும் போட்டுங்க. அப்பறம் உப்புத்தாள் வாங்கியாந்து சித்தெ தேச்சேன். ஆயுத பூசைக்கு ஊட்டுல சாமிகிட்ட வெச்சிருந்தமுங்க. ஆபீசுக்கு எடுத்துட்டு வாரப்ப அழுக்கா எடுத்துட்டு வரலாமுங்களா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உடைந்த முகத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கும், அதைப் போய் உப்புத்தாளால் அழித்திருக்கிறீர்களே, இதில் நான் இனி எதைப் பார்க்க என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மரியாதைக்காகத் தேய்த்துக் கொண்டுவந்த மனுஷியிடம், மக்கள் நாளில், கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். காந்தத்துப் பக்கமிருந்து நாலு பேர் நகர்ந்து வந்தார்கள்.

பழனியாத்தாள் அழவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப ஒண்ணுமே தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"என்ன தெரியணும், சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரரு மேல தப்பா, இல்லையான்னு தெரியோணுமுங்க."

அவர் கணவர் காளிச்சாமி ஓர் எண்ணெய் மில்லில் பதினோரு வருடமாக மெசின் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷாஃப்ட் முறிந்தது. அதன் முனையில் மாட்டியிருந்த பெரிய சக்கரம் பெல்ட்டோடு கழன்று வந்து, பக்கத்தில் நின்ற ரூபன் என்பவருடைய காலில் விழுந்தது. ரூபன் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். ரூபனும் காளிச்சாமியும் அடுத்தடுத்த வீடு. பதினோரு வருடமும் ஒரே வண்டியில் வேலைக்குப் போனவர்கள்.

"ஈரக் கொப்பரைய அளவுக்கு மிஞ்சிப் போட்டு முறிச்சுப்போட்டான்னு மில்லுல எல்லாரும் சொல்லிப்போட்டாங்க. ரூபன் ஒரு வார்த்தை சொல்லுலீங்க. அதுதானுங்க இவரால தாங்க முடீல. போட்டனா இல்லையான்னு இவருக்கே இப்பத் தெரிலீங்க. போட்டிருப்பனோ என்னமோங்கறாரு. மெசின் சத்தம் கேட்டாலே திரும்பி வந்தர்றாரு. இப்பத் தென்னந்தோப்புல தண்ணி கட்டிட்டு இருக்காருங்க."

நான் தரையில் இருந்த கூடையைப் பார்த்தேன். அது இன்னும் காலியாகவில்லை.

"அக்கா, ஒரு ஷாஃப்ட் முறிஞ்சா ரெண்டு முகம் இருக்கும். இன்னொரு பாதி எங்க?"

பழனியாத்தாள் கூடையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். "இருக்குதுங்க. ஆனா அது ரொம்ப அசிங்கமா இருக்குதுங்க மேடம். சக்கரத்துல இருந்து தெறிச்சுப் போய் எண்ணெய்க் கசடுத் தொட்டிக்குள்ள உழுந்திருச்சு. தொட்டி கழுவறப்பத்தான் எடுத்தாங்க. தேய்க்க நேரமில்லீங்க. அத எப்படிங்க உங்க மேசை மேல வெக்கிறது?"

"வைங்க!"

நாலு பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பிரித்ததும் கூடம் முழுக்கச் கெட்டுப்போன தேங்காயெண்ணெயின் சிக்கு வாடை பரவியது. ஒரு கல்லூரிப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கறுப்பாக, பிசுபிசுவென்று, புண்ணாக்குத் தூள் ஒட்டிக்கொண்டு கிடந்த அந்தத் துண்டைப் பார்த்து எனக்கு வாயெல்லாம் பல். எண்ணெயில் கிடந்த இரும்பு துருப்பிடிக்காது. யாரும் தேய்க்கவில்லை, துடைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. முறிந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மென்மையான பிரஷ்ஷும் அசிட்டோனும் எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். கறுப்பு கரையக் கரைய உள்ளேயிருந்து சாம்பல் நிறம் வந்தது. வெங்கடபதி சார் வேகமாக வந்தார். "என்ன ஃபெமினா இது, பட்டாம்பூச்சி எங்கே?" என்றார். "பறந்து போயிருச்சு சார்" என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்து, டிவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரையில் முறிந்த முகம் வந்திருந்தது. ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, வளைந்து வளைந்து கோடுகள். கோடுகள் முகத்தின் பெரும்பகுதியை நிரப்பி, எதிர் ஓரத்தில் சின்னதாக ஓர் இடத்தில் போய் நின்றன. அந்தச் சின்ன இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பத்தொன்பது வருடத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

"அக்கா, இந்தக் கோடெல்லாம் தெரியுதா? குளத்துல தண்ணி வத்தறப்ப கரையில கோடு கோடா விட்டுட்டுப் போகுமே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனுங்க."

"அதே மாதிரிதான். விரிசல் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, நின்னு நின்னு, உள்ளே போயிருக்கு. மெசினை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, அப்பப்ப அது நின்ன இடமெல்லாம் கோடா இருக்கு. ஒரே நாள்ல முறிஞ்சிருந்தா கோடே இருக்காது. மொத்த முகமும் இந்தா, இந்த ஓரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும்."

கூட்டத்தில் ஒருவர், "அப்ப எத்தனை நாளாங்க விரிசல் உட்டுச்சு?" என்று கேட்டார். பார்த்தால் லேத் பட்டறைக்காரர் போல இருந்தார்.

"நாள் கணக்குச் சொல்ல முடியாதுங்க. மாசக்கணக்குன்னு தைரியமாச் சொல்லலாம். இன்னொன்னு பாருங்க. கடைசியா முறிஞ்ச இடம் என் கட்டைவிரல் அகலம்தான் இருக்கு. இவ்வளவு சின்ன இடம் கடைசி வரைக்கும் மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கு. சுமை அதிகமா இருந்திருந்தா இது எப்பவோ, பாதி விரிசல்லயே முறிஞ்சிருக்கும்."

பழனியாத்தாள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கோடுகளின்மேல் விரலை வைக்கப் போய், கண்ணாடியில் படாமல் நிறுத்தினார்.

"அப்ப அன்னிக்கு எங்கூட்டுக்காரரு..."

"அன்னிக்கு அவர் மெசினே ஓட்டாம இருந்திருந்தா, அடுத்த நாள் ஓட்டினவர் கையில முறிஞ்சிருக்கும். அளவுக்கு மீறிப் போட்டு முறியலை."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வெங்கடபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற சாதி இல்லை நான். கோடுகள் எல்லாம் ஓர் இடத்திலிருந்துதான் கிளம்பின. அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

துண்டைப் பக்கவாட்டில் திருப்பி, விரிசல் கிளம்பிய ஓரத்தைப் பெரிதாக்கினேன். திரையில் ஒரு பள்ளம் தெரிந்தது. வளைந்து, அடிப்பக்கம் கூராக, ஆழமாக. விரிசல் அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து கிளம்பி இருந்தது. லேத்தில் விழுந்த கோடு இல்லை. மனிதக் கை போட்டது.

"பிடிச்சாச்சு!" என்றேன். சத்தமாகவே சொன்னேன், கூட்டம் வேறு சேர்ந்துவிட்டதே. "யாரோ உளியை வச்சு அடிச்சிருக்காங்க. பெல்ட்டோட இழுப்பு எல்லாம் வந்து விழற இடம் இது. ஷாஃப்ட் ஒரு சுத்துச் சுத்தறப்ப இந்த இடம் ஒரு தடவை விரியும், ஒரு தடவை இறுகும். நிமிஷத்துக்கு எத்தனை சுத்து! போயும் போயும் இந்த இடத்துல உளியை வச்ச புத்திகெட்டவன் யாரோ!"

கூட்டம் சிரித்தது. லேத்காரர் தலையைத் தலையை ஆட்டினார்.

பழனியாத்தாள் சிரிக்கவில்லை. எழுந்து மேசைக்கு வந்தார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்த முதல் பாதியை எடுத்து, அதன் பக்கவாட்டில் அப்பியிருந்த குங்குமத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். குங்குமத்துக்கு அடியில் அங்கேயும் ஒரு வெட்டு இருந்தது. அதைக் கொண்டுவந்து கழுவிய பாதிக்குப் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் திருப்பி, இரண்டையும் சேர்த்தார்.

உடைந்த முகங்களை ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, உரசி அழிந்துவிடும். நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மேசைமேல் தெரிந்ததைப் பார்த்து வாய் மூடிக்கொண்டது. இரண்டு பாதியிலும் இருந்த வெட்டுகள் சேர்ந்து ஒரு பிள்ளையார் சுழி ஆகியிருந்தன. விரிசல் அதன் நடுவே போயிருந்தது.

"இது எங்கூட்டுக்காரரு போட்டதுங்க" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. "அக்கா, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க என்னுங்க பண்ணுவீங்க." அவர் சுழியை விரலால் தடவினார். "இவரு கை ராசியான கைன்னு பேருங்க. புது மெசின் வந்தா, புது ஷாஃப்ட் மாத்துனா, பூசை போட்டு இவரத்தான் கூப்புடுவாங்க. இவரு உளியில பிள்ளையார் சுழி போட்டாத்தான் சுவிச்சே போடுவாங்க. முனையில கம்பெனிக்காரன் நம்பரு இருக்குமுங்க, அதனால பக்கத்துல போடுவாரு. எங்க மாமனாரு அந்த மில்லுக் களத்துக்கெல்லாம் கூலிக்குப் போனவருங்க. வாசல்ல நின்னே கூலி வாங்கிட்டு வருவாராம். இவர மட்டும் உள்ள கூப்புட்டு, தட்டத்துல வெத்தல பாக்கு வெச்சு, ரெண்டு கையில குடுப்பாங்க. அன்னிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்து அந்த வெத்தலைய ஒடனே போட மாட்டாரு. சாமிகிட்ட வெச்சுப் பாத்துட்டே இருப்பாரு."

நான் அவரை என் அறைக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா, அறிக்கையில என்ன பாத்தேனோ அதை மட்டும்தான் எழுதுவேன். அளவுக்கு மீறின சுமை காரணம் இல்லை, மேற்பரப்புல இருந்த ஒரு வெட்டிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கு. அவ்வளவுதான். யார் வெட்டினாங்கன்னு நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இங்க கூட்டத்துல உங்க ஊர்க்காரங்க யாரும் இல்லை. அவர் பேர்ல இருந்த பழி போயிரும்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அவரும் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று இருந்தேன்.

"மேடம், ஒடஞ்சது போக எட்டுங்க."

"என்ன எட்டு?"

"அவரு இதே மாதிரி சுழி போட்ட மெசினுங்க. எட்டு மில்லுல இருக்குது. எல்லாம் இப்ப ஓடிட்டுத்தானுங்க இருக்கும்."

விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடித்ததில் அவ்வளவு பெருமை எனக்கு. இன்னொன்று இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டது அவர். அவர் அப்போதே போனை எடுத்துவிட்டார்.

"ஏனுங் மாமா, தண்ணி கட்டுனது போதும், நிறுத்துங்க. நாஞ் சொல்றத நின்னு கேளுங்க. ஈரக் கொப்பரையால முறிலீங்களாமா. உங்க மேல அந்தத் தப்பு இல்லீங்களாமா." சற்று நிறுத்தினார். "ஆனா சுழி போட்டீங்களே மாமா, அங்கிருந்துதான் விரிசல் உட்டிருக்குதாம். நானே பாத்தனுங்க. மத்த மெசினையெல்லாம் பாக்கோணும்."

அந்தப் பக்கமிருந்து ஏதோ கேட்டது. பழனியாத்தாள் போனை என்னிடம் நீட்டினார். "விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியுமாங்கறாரு."

"தெரியாதுங்க. தெரிய வைக்கலாம்" என்றேன். எங்களிடம் அதற்கு விலை கூடின மருந்தெல்லாம் இருக்கிறது. மில்லில் அது வேண்டாம். மெசினை நிறுத்தி, சுழி இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, துணியால் ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துவிட்டு, மேலே சாக்பீஸை நன்றாகத் தேய்க்க வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போயிருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். மில்லில் எண்ணெய்க்கா பஞ்சம்!

"சரீங்க" என்றது மறுமுனை.

அதன்பிறகு அந்தப் பகல் நகரவே இல்லை. பழனியாத்தாள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெங்கடபதி சார் டீ வாங்கி வந்து கொடுத்தார். அவர் டீ வாங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கட்டத்தில் சும்மா இருக்க முடியாமல் பழனியாத்தாள், "அந்தப் பட்டாம்பூச்சியத்தான் காட்டுங்களே" என்றார். காட்டினேன். இறக்கையில் ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாகச் செதில்கள். "இதுல நீலச்சாயம் கிடையாதுக்கா. செதில் இருக்கற வாகுல வெளிச்சம் பட்டுத் தெறிக்கறதுதான் நீலமாத் தெரியுது" என்றேன். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "அழகாத்தானுங்க இருக்குது. இதையும் தேச்சாப் போயிருமுங்களா?" என்று கேட்டார். போய்விடும் என்றேன்.

நாலரை மணிக்கு, ரைஹான் காந்தத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் கூடத்துக்குள் வந்தார். இரண்டு கையும் முழங்கை வரை சாக்பீஸ் வெள்ளை. பழனியாத்தாள் எழுந்து நின்றதில் அவர்தான் காளிச்சாமி என்று தெரிந்தது. அவர் முதலில் மேசைமேல் இருந்த இரண்டு பாதிகளையும் பார்த்தார். தொடவில்லை.

"மூணு மில்லுக்குப் போனனுங்க" என்றார். "மொத மில்லுல நிறுத்துனாங்க. சாக்பீஸத் தேச்சுப் பாத்தம், ஒண்ணுமில்லீங்க. எங்க வேலையக் கெடுத்தயேன்னு சத்தம் போட்டாங்க. ரெண்டாவது மில்லுல..." போனை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

வெள்ளை பூசிய ஷாஃப்ட். அதில் ஒரு பிள்ளையார் சுழி. சுழியின் அடியிலிருந்து வலது பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு, கறுப்பாக மயிரிழை போல ஒரு கோடு. அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தினமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கொப்பரை பொறுக்குவார்களாம்.

"அங்க நிறுத்திப்போட்டாங்க. மூணாவது மில்லுல உள்ளயே உடுலீங்க. ரூபன் காலை ஒடிச்சவன் பேச்சைக் கேட்டு மெசின நிறுத்தறதா, ஆபீசு பேப்பரு இருந்தாக் கொண்டான்னு சொல்லிப்போட்டாங்க. போன்ல படம் அனுப்பினா ஆகாதாம், சீல் வெச்ச பேப்பரு வேணுமாம். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எங்கயும் மெசின் ஓடாது. திங்கக்கெழம காத்தால சுவிச்சு போடறக்குள்ள குடுக்கோணுமுங்க."

எங்கள் நிலையத்தில் ஓர் அறிக்கை வாங்க விண்ணப்பம் எழுதி இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். நான் வெங்கடபதி சாரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அலுவலக அறையைத் திறக்கப் போனார்.

நான் தட்டச்சு செய்தேன். அளவுக்கு மீறிய சுமை காரணம் அல்ல. மேற்பரப்பில் உளியால் ஏற்பட்ட வெட்டிலிருந்து விரிசல் தொடங்கியுள்ளது. இதுபோன்ற வெட்டுள்ள ஷாஃப்ட்டுகளைச் சோதிக்காமல் இயக்கக் கூடாது. படித்துக் காட்டினேன்.

காளிச்சாமி கேட்டுவிட்டு, "எம் பேரு வரலீங்களே" என்றார்.

"உங்க பேர் வேண்டாம்னுதாங்க விட்டேன்."

"போடுங்க மேடம். வெட்டு இருந்தா நிறுத்துங்கன்னு எழுதுனா, எங்க மெசின்ல வெட்டு ஏது, அது சாமி எழுத்தாச்சேம்பாங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. காளிச்சாமி போட்ட சுழின்னு எழுதுங்க. அது எட்டு மில்லுலயும் தெரியுமுங்க."

நாலு மாதமாகத் தன்மேல் தப்பு இருக்கிறதா என்று தெரியாமல் செத்துக்கொண்டிருந்த மனிதர். பழி போய்விட்டது என்று காகிதம் தயாராக இருக்கும்போது, அதில் தன் பேரை எழுதச் சொல்லி நிற்கிறார். நான் பழனியாத்தாளைப் பார்த்தேன். அவர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிசியலு ரா. போட்டுக்குங்க" என்றார் பழனியாத்தாள். "ராக்கியண்ணன் பையன் காளிச்சாமி."

எழுதினேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். ஒன்பது பிரதி எடுத்தோம், எட்டு மில்லுக்கு எட்டு. ஒன்பதாவது யாருக்கு என்று நான் கேட்டேன். ரூபனுக்கு என்றார் காளிச்சாமி. வெங்கடபதி சார் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, அழுத்தி அழுத்தி முத்திரை குத்தினார்.

காளிச்சாமி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். ரூபனுடைய பிரதியை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் வைத்தார். என் பேனாவைப் பார்த்தார். நான் கொடுத்தேன். தாளின் தலைமாட்டில் பேனாவைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காயிதத்துல போட்டா ஒண்ணும் ஆவாதுங்களே மேடம்?"

முத்திரை வைத்த அறிக்கையில் யாரும் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அது சார் போட்ட விதி, சுவரில் ஒட்டியிருக்கிறது. சார் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

அவர் மெதுவாக, அழுத்தாமல், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டார். பிறகு இரண்டு பேரும் காங்கேயம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.